எட்டுக்குப் பதில் ஆறு

தடிப்பைப் பாதியாக்கு, வளைவு எட்டு மடங்காகும்.
இரண்டாம் ஆண்டுக்காரருக்கு நான் சொல்வதும் இதுதான்,
மூன்று என்ற அடுக்கைச் சற்றுப் பெரிதாக எழுதி
அடியில் ஒரு கோடும் இழுத்து.

ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே
ஹிதாயத்தின் வள்ளவாடி.
அச்சுக்குள் கண்ணாடி நார்ப்பாய் விரித்து
றெசின் ஊற்றி
ரோலரால் காற்றுக்குமிழிகளைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.
கேட்ட தடிப்புகளில் பலகை ஊற்றி
கீலம் கீலமாய் அரிந்து தந்தார்:
பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு மில்லிமீற்றர்.
"இத வெச்சு என்ன மிஸ் செய்யப் போறீங்க?"
வளைக்கப் போகிறேன் என்றேன்.
"வளையாம இருக்கத்தானே நாங்க இவ்வளவு பாடுபடுறம்."

இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவேண்டும்,
நாலு மாதமாய் வருகிறது.
மேசை விளிம்பில் கவ்வியை இறுக்கி
மீன் ஏலக்காரரிடம் இரவல் வாங்கிய படிகளைத் தொங்கவிட்டேன்.
செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அதையும் கழுவி நிறுத்தேன்.

பதினாறிலிருந்து எட்டு: எட்டு மடங்கு, சொன்ன சொல் தவறாமல்.
எட்டிலிருந்து நான்கு: ஏழரை. கை நடுங்கியிருக்கும்.
நான்கிலிருந்து இரண்டு:
ஆறு.

மின்விசிறியை நிறுத்தினேன்.
ஏழு இடத்தில் தடிப்பை அளந்தேன்.
மேற்பூச்சைச் சுரண்டினேன்.
லுஹருக்கு எழுந்து போய், வந்து,
வேறு துண்டில், வேறு கவ்வியில்.
ஆறு.
மெலிந்தது, மெலிந்த அளவுக்கு வளைய மறுக்கிறது.

நம் சமன்பாட்டில் புள்ளிக்கு முகம் கிடையாது.
இடம் பெயரும், அவ்வளவுதான்.
எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாய் என்று
யாரும் அதைக் கேட்டதில்லை.
நான் கேட்டேன். மூன்று இரவு மாதிரியை மாற்றி எழுதி
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திரும்புதல் கொடுத்தேன்.
திரும்புவதற்கு ஒரு தயக்கம்.
தயக்கத்துக்கு ஒரு நீளம்:
ஏறக்குறைய ஒரு நார்க்கட்டின் அகலம்.
பதினாறு மில்லிமீற்றரில் அது கூட்டத்தில் முணுமுணுப்பு,
இரண்டில் அது தனியே பேசுகிறது.

கரண்ட் போனபோது, கணினி பாதிக் கணக்கோடு படுத்தபோது,
அக்கரைப்பற்று பஸ்ஸில் பார்த்த வயல் ஞாபகம் வந்தது.
ஓட்டத்தில் அது ஒரே பச்சை.
வரம்பில் இறங்கினால் பச்சை இல்லை:
ஒரு தாள், கொஞ்சம் தண்ணீர், ஒரு நண்டு வளை.
எத்தனை தாள் சேர்ந்தால் வயல்?
எவ்வளவு பெரிய சதுரம் வெட்டினால்
அதைக் காட்டி 'இதுதான் பொருள்' என்று சொல்லலாம்?
மாவட்டச் சராசரி வருமானம் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
எங்கள் ஒழுங்கையில்
அந்தத் தொகையைச் சம்பாதிப்பவர் ஒருவரும் இல்லை.

ஹிதாயத்திடம் சொல்லப் போனேன்.
மெல்லியது நினைத்ததைவிட விறைப்பு என்றேன்.
"அப்ப ரெண்டு மில்லியில வள்ளம் கட்டலாமா?"
இல்லை, இல்லை. விறைப்பு வேறு, உறுதி வேறு.
பதினெட்டு அடி வள்ளத்துக்கு இந்த ஆறு கேட்காது,
அங்கே எட்டுதான்.
"பிறகென்ன" என்றவர் திரும்பிவிட்டார்.
வாளியில் றெசின் கட்டிபடத் தொடங்கியிருந்தது.
என் கண்டுபிடிப்புக்காக அது காத்திருக்காது.

கட்டுரை திரும்பி வந்தது.
பெயரில்லாத மதிப்பாய்வாளரின் ஒரே ஆட்சேபம்:
மாதிரி மிகச் சிறிது.

சிரித்தேன். அறையில் யாருமில்லை,
அதனால் கொஞ்சம் சத்தமாகவே.
பிறகுதான் உறைத்தது
அவர் எண்ணிக்கையைச் சொல்கிறார்.

மறுபடியும் வாடி.
நாற்பது துண்டு, எல்லாம் இரண்டு மில்லிமீற்றர்.
ஹிதாயத் சிகரெட் பெட்டியின் பின்புறம் கூட்டிப் பார்த்தார்.
"வெட்டுக்கூலி தனி மிஸ்" என்றார்,
"மெல்லிசு வெட்டத்தான் கஷ்டம்."